சேரலாதன், தர்மராஜ்

சேரலாதன், தர்மராஜ் (பிறப்பு 1975): தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த கபடி வீரர், தற்காப்பு ஆட்டக்காரர். சக வீரர்களும் ரசிகர்களும் இவரை ‘அண்ணா’ என அழைப்பர்.

கபடியில் பாடி வருபவரை மடக்குவதே தற்காப்பு வீரரின் பணி. பிடித்தால் அணிக்கு ஒரு புள்ளி. களத்தில் மூவரோ அதற்குக் குறைவானவர்களோ இருக்கும்போது பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி கிடைக்கும். பிடி நழுவினால் தொடப்பட்ட அனைவரும் வெளியேற வேண்டும். ஆகவே வலிமையுடன் பொறுமையும், பக்கத்திலுள்ளவருடன் ஒத்திசைவும் தேவை. எதிராளியின் கணுக்காலைப் பற்றும் பிடிக்குச் சேரலாதன் பெயர்பெற்றவர்.

2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது இவருக்கு வயது 39. பெங்களூரு புல்ஸ் அணிக்கு ஆடினார். 2016இல் நான்காவது பருவத்தில் பாட்னா பைரேட்ஸ் அணியின் தலைவராகக் கோப்பை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். பின்னர் புனேரி பல்தான், யு மும்பா அணிகளில் ஆடினார். 2019இல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினார்.