மணி அடித்தால் அடுத்த நோயாளி

நர்சிங் சூப்பிரண்டாக ஓய்வு பெற்ற பிறகும், ஆள் எடுக்கும் பேனல்களில் என்னை உட்கார வைக்கிறார்கள். கூட இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் மாறுவதே இல்லை. "நார்மல் பொட்டாசியம் எவ்வளவு?" "ஷாக் என்றால் என்ன?" மனப்பாடம் செய்து வந்த பெண் கடகடவென்று சொல்லிவிடுவாள். நைட் டியூட்டியில் நாற்பது நோயாளிகளுக்கு நடுவில் அவள் எப்படி யோசிப்பாள் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

டாக்டர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. ஒரு கட்டில், ஒரு நோயாளி, ஒரு பரீட்சகர் என்பதே பழைய முறை. ஒருவனுக்குச் சிக்கலான இதயக் கோளாறு வாய்க்கும், அடுத்தவனுக்கு லேசான ஹெர்னியா. அமெரிக்காவின் தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் ஆராய்ந்து பார்த்தபோது, ஒரே மாணவனுக்கு இரண்டு பரீட்சகர்கள் போட்ட மார்க்குகள் ஒத்துப்போகவில்லை. 1960களில் அந்தத் தேர்வையே அது கைவிட்டது.

அதே காலத்தில், 1963இல், தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர் வேறு வழி பார்த்தார். ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணுக்கு, கால்கள் செயலிழந்த நோயாளியாக நடிக்கக் கற்றுக்கொடுத்தார். எல்லா மாணவர்களுக்கும் ஒரே நோயாளி, ஒரே கதை. டாக்டர் வேலைக்கு நாடகமா என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள்.

1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் இன்னொரு படி போனார். தேர்வைப் பல சிறு நிலையங்களாகப் பிரித்தார். ஒன்றில் நோயாளியிடம் விசாரிக்க வேண்டும், இன்னொன்றில் எக்ஸ்ரே பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் மணி அடிக்கும். அடுத்த நிலையத்துக்கு நகர வேண்டும். இன்று நம் பிள்ளைகள் 'ஆஸ்கி' என்று சொல்வது இதைத்தான். பிரிட்டன் போகும் நம் நர்ஸுகளுக்கு 2014 முதல் இந்தத் தேர்வு உண்டு.

ஏன் இத்தனை நிலையங்கள்? 1978இல் ஆர்தர் எல்ஸ்டீனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. ஒரு கேஸில் அருமையாக யோசிக்கும் டாக்டர் அடுத்த கேஸில் தடுமாறலாம். ஒரே கேள்வியை வைத்து ஆளை எடைபோடக் கூடாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மாணவர் சேர்க்கை நேர்முகத்தையே இப்படிப் பல அறைகளாக உடைத்து, அதன் விளைவை 2004இல் வெளியிட்டது.

ஆனால் இந்த நிலையங்களில் பரீட்சகர் டிக் அடித்து மார்க் போடும் பட்டியலுக்கும் ஒரு வினை உண்டு. 1999இல் டொராண்டோவில் பிரையன் ஹாட்ஜஸ் குழுவினர் சோதித்தபோது, அனுபவமுள்ள டாக்டர்கள் பட்டியலின்படி மாணவர்களைவிடக் குறைவாக மார்க் வாங்கினார்கள். தேவையான இரண்டே கேள்வி கேட்டு நோயைப் பிடிப்பவருக்குப் பட்டியலில் டிக் விழாது. மொத்தமாகப் பார்த்து மதிப்பிட்டபோது அவர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

இதனால் என் பங்குக்கு நான் பொட்டாசியம் கேட்பதில்லை. வயிற்று ஆபரேஷன் முடிந்த நோயாளி. பிபி 90/60, நாடித்துடிப்பு 124, யூரின் குறைந்துவிட்டது. டாக்டர் போனில், யூரினை வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசி போடச் சொல்கிறார். "நீ என்னம்மா செய்வ?" என்பேன். "டாக்டர் சொன்னா போட்டுடுவேன் மேடம்" என்பவர்களே அதிகம். ஊசியைத் தள்ளிவைத்து, டிரெயின் குழாயில் ரத்தம் வருகிறதா என்று பார்த்து, பிபியைச் சொல்லி டாக்டரை மறுபடி கூப்பிடுபவள்தான் எனக்கு வேண்டும். "ஏன்?" என்று கேட்டால் அவளிடம் காரணமும் இருக்கும்.

மருத்துவமனை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவருக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். நாலு சின்ன கேஸ், வார்டில் வேலை பார்த்த இரண்டு பேர், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு "ஏன்". இதற்கு மேல் செலவில்லை.