ஞானஸ்நானப் பெயருக்கு வால் கிடையாது



எங்கள் கரிசல் காட்டுப் பள்ளிகளில் வாத்தியாராக இருந்தவர்களுக்கு வருகைப் பதிவேட்டில் சில பெயர்கள் நன்றாகப் பழக்கம். அருளப்பன், சின்னப்பன், ராயப்பன், சூசை, சவரிமுத்து. அருளப்பன் என்றால் யோவான். 'கடவுள் அருளுள்ளவர்' என்ற எபிரேயப் பொருளைத் தமிழாக்கியது. சின்னப்பன் என்றால் பவுல், லத்தீனில் 'சிறியவர்'. ராயப்பன் பேதுரு, சூசை யோசேப்பு. சவரிமுத்துவுக்குள் இருப்பவர் பிரான்சிஸ் சவேரியார். எல்லாம் ஞானஸ்நானத்தில் வைக்கும் பெயர்கள்.

இவை நேற்று வந்தவை அல்ல. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் பிறப்பதற்கு முன்பே, கோவில்பட்டி பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் சேசு சபைச் சாமியார்கள் இருந்தார்கள். வீரமாமுனிவர் அங்கே பணி செய்திருக்கிறார். ஒரு சாமியாருக்குப் பல ஊர்கள். அவர் வராத நாட்களில் ஜெபம் சொல்லிக் கொடுக்கவும் சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் உபதேசியார்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை என்பது கத்தோலிக்கச் சட்டம். தண்ணீர் வேண்டும்; பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற பெயர் வேண்டும்; திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் வேண்டும். அவ்வளவுதான்.

பழைய ஆள் தண்ணீரில் செத்து, புது ஆள் எழுகிறார் என்பது இதன் பொருள். அதனால் ஒருமுறைதான், மறுமுறை கிடையாது. தண்ணீர் ஊற்றியபின் தைலம் பூசுவார்கள், வெள்ளை உடை போடுவார்கள், பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி கொடுப்பார்கள். பெற்றோரிடம் சாமியார் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைக்கு என்ன பெயர் என்பது. என்ன சாதி என்ற கேள்வி அந்தச் சடங்கில் எந்த இடத்திலும் இல்லை.

ஆனால் சடங்கில் இல்லாதது ஊரில் இருந்தது. அதைப் பார்க்க வடக்கன்குளத்துக்குப் போக வேண்டும்.

திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டனுக்கு வேதம் சொன்னவர், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய். நீலகண்டன் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் புத்தாரி சாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். வைத்த பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார். அதன்பின் அவர் சாதி பாராமல் எல்லாரோடும் பழகியது பலருக்கும் பிடிக்கவில்லை என்கிறது திருச்சபை வரலாறு. சிறைவாசமும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே வடக்கன்குளத்தில்தான் பின்னாளில் கோவிலுக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றது. ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், பூசை நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. தனி இடம் எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டவர்கள் உயர் நீதிமன்றம் வரை போயும் ஜெயிக்கவில்லை.

பெயரோடு ஒட்டிய சுவர் விழ இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 'தேவசகாயம் பிள்ளை' என்றே எல்லாரும் எழுதி வந்தோம். சாதிப் பெயர் வேண்டாம் என்று கோரிக்கை போன பிறகு வாடிகன் அதை நீக்கியது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தது வெறும் தேவசகாயத்தைத்தான். 1745இல் தொட்டியில் வைத்த பெயரும் அதுதானே!

இன்னொரு சுவர் இன்னும் நிற்கிறது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினர். ஞானஸ்நானம் பெற்ற தலித் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். தெருவில் அவரை நடத்தும் விதம் மாறுவதில்லை. சான்றிதழ் மட்டும் மாறுகிறது. அதனால்தான் கோவில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று இரட்டைப் பெயரோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். இதைப் பொய் என்று ஏளனம் செய்பவர்கள், அந்த நிலைக்குத் தள்ளியது எது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

ஞானஸ்நானம் கேட்பது ஒரே ஒரு பெயர். அதன் பின்னால் வாலைச் சேர்த்தது நாம்தான். எடுக்க வேண்டியதும் நாம்தான்.

உங்கள் ஊர்க் கோவிலில் இப்படிப்பட்ட பழைய தமிழ்ப் பெயர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு வைக்க உதவும்.