டிகாக்ஷனுக்கு ஓர் இயந்திரம்

பொத்தானை அழுத்தினால் போதும். கொட்டையை அரைத்து, பொடியை அமுக்கி, வெந்நீரைச் செலுத்தி, சக்கையையும் தானே தள்ளிவிடும் காப்பி இயந்திரங்கள் வீடுகளுக்கு வந்துவிட்டன. சிதம்பரத்தில் என் அக்காவுக்கு விரல்களில் வாதம். சூட்டில் இறுகிக்கொள்ளும் பில்டரை அவளால் பிரிக்க முடிவதில்லை. விடியற்காலைக் காப்பிக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பதும் அவளுக்குப் பிடிக்காது. அவள் மகன் இரண்டு இயந்திரங்களைக் குறிப்பிட்டு, "மாமா, எதை வாங்கலாம்?" என்று கேட்டான்.

இதற்குக் கொஞ்சம் சரித்திரம் பார்க்கவேண்டும். 1884-ல் டூரின் நகரத்து ஆஞ்சலோ மோரியோண்டோ நீராவியால் காப்பி இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901-ல் மிலானில் லூயிஜி பெஸ்ஸேரா அதைக் கோப்பை கோப்பையாக இறக்கும்படி செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கிலே காஜியாவின் நெம்புகோல் வந்த பிறகுதான் போதிய அழுத்தமும் மேலே பொன்னிற நுரையும் கிடைத்தன. 1985-ல் இத்தாலியின் சாயேகோ கம்பெனி இத்தனை வேலையையும் வீட்டுக்கேற்ற ஒரே பெட்டியில் அடக்கியது. நம் கல்யாண வீடுகளில் சீறிக்கொண்டு வருகிற 'எக்ஸ்பிரஸோ' வேறு ஜாதி. பாலில் இன்ஸ்டன்ட் தூளைக் கலந்து நீராவியால் ஊதுவது அது.

நம் பில்டருக்கு அழுத்தமே கிடையாது. தண்ணீர் தன் பாரத்தில் இறங்க, டிகாக்ஷன் சாவகாசமாகச் சொட்டும். இயந்திரத்துக்கு அரை நிமிஷம்.

தொல்லை சிக்கரியில்தான். அது கொட்டையல்ல, வேர். 1806-ல் நெப்போலியன் ஆங்கில வியாபாரத்தைத் தடுத்தபோது, காப்பி கிடைக்காத பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். (1758-ல் எங்கள் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள்மேல் இந்தப் பழியைப் போடமுடியாது.) சிக்கரி இல்லாதது அக்காவுக்குக் காப்பியே இல்லை. கொட்டை போடும் வாயில் அதைப் போட்டால் அடைத்துக்கொள்ளும். ஆகவே அரைத்த பொடிக்குத் தனி வாய் வேண்டும். அதிலும் அளவாகத்தான் போடவேண்டும்.

இரண்டிலும் அந்த வாய் இருந்தது. ஒன்றில் காப்பி இறக்கும் பாகத்தைக் கழற்றிக் குழாயடியில் கழுவலாம். ஆனால் கழற்ற விரலால் அழுத்தவேண்டும். மற்றதில் எல்லாம் உள்ளேயே. மாத்திரை போட்டால் தானே கழுவிக்கொள்ளும். அக்காவின் விரலுக்கு இதுதான் சுகம். ஆனால் உள்ளே பழுதானால் மெக்கானிக் சென்னையிலிருந்து வரவேண்டும். அதுவரை அவள் மறுபடி பில்டரோடு போராடவேண்டும். கழற்றுவதையே வாங்கச் சொன்னேன். தினமும் காப்பி இறக்குவது அவள் பாடு, வாரம் ஒருமுறை கழுவுவது மகன் பாடு.

பாலை மட்டும் அடுப்பில் காய்ச்சச் சொல்லியிருக்கிறேன். இயந்திரத்தின் மெல்லிய குழாயில் ஆடை அடைத்துக்கொள்ளும். அது சுடவைக்கிற அறுபது, அறுபத்தைந்து டிகிரிப் பாலை அக்கா பச்சைப்பால் என்றுதான் சொல்வாள்.