பழனி மலைத் தொடரும் சில கல்லறைகளும்

கொடைக்கானல் போகாத மாணவர் நம் கல்லூரியில் எந்த செட்டிலும் இருந்திருக்க மாட்டார். ஏரியில் படகு விட்டு, கோக்கர்ஸ் வாக்கில் நடந்து, தூண் பாறை முன்னால் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடித்து வத்தலக்குண்டு இறங்கிவிடுவோம். அந்த மலையில் வாழ்ந்தவர்களைப் பற்றியாவது கைடு ஏதாவது சொல்லுவார். அங்கே அடக்கமானவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மலர்க் குழுவினர் ஒரு சரித்திரக் கட்டுரை கேட்டபோது இதையே எழுதலாமே என்று தோன்றியது. இன்ஜினியர் எழுதும் சரித்திரம். வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழனி மலையின் மிகப் பழைய கல்லறைகள் தாண்டிக்குடி போன்ற ஊர்ப் பக்கங்களில் இருக்கும் கற்திட்டைகள். பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகைக் கல்லை மூடியாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். கிரேன் இல்லாத காலத்தில்! இவற்றைப் பற்றி இரண்டு ஏசு சபைப் பாதிரியார்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்பொருள் துறை 1928-இல் வெளியிட்டது. எழுத்தோ பெயரோ இல்லாத கல்லறைகள் அவை. பிற்காலத்தில் இதே கீழ்மலையில் காப்பித் தோட்டங்கள் வந்தன.

கொடைக்கானல் என்ற ஊரே சாவுக்குப் பயந்து உண்டானதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1834-இல் மதுரையில் மிஷன் தொடங்கிய அமெரிக்கப் பாதிரியார்களின் குடும்பங்களில் காய்ச்சலும் காலராவும் வரிசையாக ஆட்களைக் கொண்டுபோயின. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் பழனி மலை ஏறினார்கள். 1845-இல் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் எழும்பின. சீசன் கூட்டமெல்லாம் அதற்கு அப்புறம் வந்தது.

மலைக்கு வந்தாலும் சாவு வராமல் இருக்குமா? திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஐயர் ஓய்வு பெற்று 1891-இல் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, அந்த ஆகஸ்டு 28-ஆம் தேதி காலமானார். அவரை மலையில் அடக்கம் செய்யவில்லை. உடலை மலையிறக்கி, அவர் அரை நூற்றாண்டு வாழ்ந்த திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கே கொண்டுபோய், அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். அயர்லாந்தில் பிறந்தவர்தான். ஆனாலும் அவருக்குச் சொந்த ஊர் எது என்று அவரைச் சேர்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த இடத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழனி மலை மேற்கே போய் வந்தரவுப் பக்கம் மூணாறு மலைகளோடு சேர்ந்துவிடுகிறது. பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் போகும் பழைய ரோடு இந்த இரண்டையும் இணைத்தது. இப்போது அதில் பொதுப் போக்குவரத்து கிடையாது. நடுவில் மாநில எல்லை வந்துவிட்டதே தவிர மலை ஒன்றுதான், இரண்டு பக்கமும் தமிழ்தான்.

1877-இல் ஜே.டி. மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சார் ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 227 சதுர மைல்! ஆண்டு வாடகை 3000 ரூபாய். அந்தக் காடு திருத்தப்பட்டு எஸ்டேட் ஆகிக்கொண்டிருந்த காலத்தில், பின்னாளில் கண்ணன் தேவன் கம்பெனியின் முதல் ஜெனரல் மேனேஜர் என்று அறியப்பட்ட ஹென்றி நைட் என்பவர், கல்யாணமான கையோடு மனைவி எலினோர் இசபெல் மேயை மூணாறுக்குக் கூட்டிவந்தார். ஒருநாள் குன்றின் மேல் நின்று சுற்றிலும் பார்த்த அந்தப் பெண், "நான் செத்தால் என்னை இங்கேதான் புதைக்க வேண்டும்" என்றாராம். மூணாறில் வழிவழியாகச் சொல்லும் கதை இது. கதை எப்படியோ, கல்லறை நிஜம். 1894 டிசம்பரில் காலரா கண்டு, 24 வயதில் இறந்துபோனார். நைட் அந்தக் குன்றிலேயே அடக்கம் செய்தார். அதைச் சுற்றிப் பிற துரைமார் குடும்பங்களின் கல்லறைகளும் சேர்ந்தன. கீழே சி.எஸ்.ஐ. சர்ச் கட்டியது 1910-11-இல்தான். எங்கும் கோயில் கட்டிய பிறகு கல்லறைத் தோட்டம் வரும். இங்கே ஒரு கல்லறைக்குப் பின்னால் பதினாறு வருஷம் கழித்துக் கோயில் வந்தது.

சரி, காட்டைத் திருத்தியவர்கள்? கங்காணிகள் பின்னால் போடிப் பக்கமாக மலையேறிய நம் ஜனங்கள். மூணாறு தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கின. ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நம் துறைக்காரர்கள் அந்த ரோப்வேயைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள், நானும் பேசுவேன். பெட்டிக்குள் இருந்த தேயிலையைக் கிள்ளிய கைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. நாலு தலைமுறை, ஐந்து தலைமுறை கொழுந்து எடுத்த குடும்பங்கள் அங்கே உண்டு. இருப்பது லயத்து வீடு. அது வேலையோடு சேர்ந்தது. ரிட்டயர் ஆனால் வீட்டை விட வேண்டியதுதான். இருக்கும் மண்ணும் எஸ்டேட் மண், புதைக்கும் மண்ணும் எஸ்டேட் மண். துரைமார் கல்லறைக் கல்லில் பிறந்த தேதி, இறந்த தேதி, ஊர், பேர் எல்லாம் பார்க்கலாம். ஒரு கொழுந்துக்காரப் பாட்டிக்கு அப்படி ஒரு கல்லைக் காட்டுங்கள் பார்ப்போம்.

2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி ராத்திரி, ராஜமலைக்கு அப்பால் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடியில் மலை சரிந்தது. மேலே அறுந்த மண்ணும் பாறையும் ஓடை வழியே இறங்கி, நாலு லயங்களை மூடின. கரண்டும் இல்லை, போனும் இல்லை. வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் தெரியவந்தது. செத்தவர்கள் 70 பேர். அதில் 4 பேரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. ஓடைக்கரையில் வரிசையாக லயம் கட்டியவர்கள் தண்ணீர் வசதியையும் சமதளத்தையும் பார்த்தார்களே ஒழிய, மேலே நிற்கும் சரிவைப் பார்க்கவில்லை. இது என் அபிப்பிராயம். சாய்ல் மெக்கானிக்ஸ் படித்த யாரும் இதையே சொல்வார்கள்.

அவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. அதாவது கால்டுவெல்லின் உடல் போய்ச் சேர்ந்த அதே தெற்குச் சீமை. ஆனால் இவர்களை யாரும் மலையிறக்கவில்லை. மழையில், ராஜமலையிலேயே மிஷின் வைத்துத் தோண்டிய குழிகளில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். தாய், பிள்ளை, பேரன் என்று முழுக் குடும்பங்கள். எஸ்டேட் குடும்பத்துக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் அப்படித்தான் அமைந்தது.

தப்பிய எட்டுக் குடும்பங்களுக்கு மூணாறை அடுத்த குட்டியாறு பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் கிடைத்தன. வேலை போனாலும் சாவியைத் திருப்பித் தர வேண்டாத வீடு.

டூர் போகிற நம் மாணவர்கள் வரையாடு பார்க்க ஏறுவதும் அதே ராஜமலைதான். ஆகஸ்டு 6 வந்தால் கீழேயிருந்து சொந்தக்காரர்கள் பூவோடு அங்கே ஏறி வருகிறார்கள்.