சாந்தோமில் சவேரியார் செபித்த நாட்கள்

தாம்பரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்லும் நாம் வழியில் பரங்கிமலையைக் கண்டு சிலுவை அடையாளம் வரைகிறோம். பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் ஆகிய மூன்று தலங்களும் அப்போஸ்தலர் தோமையாரின் நினைவைத் தாங்கி நிற்பவை. அவற்றுள் சாந்தோம், புனித பிரான்சிஸ் சவேரியார் இறைவனின் சித்தத்தைத் தேடிச் செபித்த இடமும் ஆகும்.

1545-ஆம் ஆண்டு சவேரியார் பெரும் குழப்பத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்தை நோக்கிய திட்டம் கைகூடவில்லை. முத்துக்குளித்துறைக்குத் திரும்புவதா, கடல் கடந்து மலாக்காவுக்குச் செல்வதா என்று தெரியவில்லை. அவருடைய ஞானத் தந்தை இஞ்ஞாசியாரோ உரோமையில் இருந்தார். கடிதம் எழுதிப் பதில் பெற ஆண்டுகள் ஆகும். ஆகவே நாகப்பட்டினத்திலிருந்து தோமையாரின் கல்லறையை நாடி வந்தார். பங்குக்குரு கஸ்பார் கொயேலோவின் இல்லத்தில் ஏறத்தாழ நான்கு மாதம் தங்கினார். இன்று நாம் காணும் பேராலயம் 1896-இல் எழுந்தது. அன்று அங்கிருந்தது போர்த்துக்கீசியர் கட்டிய ஆலயம். அங்கே அவர் இரவிலும் செபித்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர்.

இவ்வாறு செபிக்க அவருக்குக் கற்பித்தவர் யார்? 1534-இல் பாரீசில் இஞ்ஞாசியாரே அவருக்கு ஆன்மப் பயிற்சிகளை அளித்திருந்தார். மன்ரேசாவில் 1522-ஆம் ஆண்டு முதல் தாம் பெற்ற அனுபவத்திலிருந்து இஞ்ஞாசியார் வகுத்த முறை அது. சுவிசேஷக் காட்சியை மனக்கண்ணால் கண்டு அதனுள் நுழைதல், நாள்தோறும் ஆத்தும சோதனை செய்தல், உள்ளத்தில் எழும் ஆறுதலையும் வறட்சியையும் பகுத்தறிதல் ஆகியன அதன் கூறுகள். வறட்சியுற்ற வேளையில் முன்செய்த நல்ல தீர்மானத்தை மாற்றலாகாது என்பது அதன் முக்கிய விதி. வழிகாட்டியும் தம் விருப்பத்தைத் திணிக்கக் கூடாது. படைத்தவரே ஆன்மாவோடு நேரடியாக உறவாட இடம்விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

சவேரியார் அவசரப்படவில்லை. செபித்துக் காத்திருந்தார். உள்ளத்தில் பெற்ற ஆறுதலால் மலாக்காவுக்குச் செல்வதே இறைசித்தம் எனத் தெளிந்ததை 1545 மே மாதம் இங்கிருந்தே எழுதினார். அந்நாட்களில் தம்மை நாடி வந்த யோவான் தெய்ரோ என்ற வணிகருக்கு அவரே வழிகாட்டியும் ஆனார். அவ்வணிகர் தம் கப்பலையும் சரக்கையும் துறந்து ஏழைகளுக்கு வழங்கி, அவரோடு பயணமானார். செப்டம்பரில் சவேரியார் மலாக்காவை அடைந்தார். 1546-இல் மொலுக்காஸ் தீவுகள், 1549-இல் ஜப்பான் என அவர் பணி விரிந்தது. அத்தனைக்கும் வித்து விழுந்தது மயிலைக் கடற்கரையில்.

இச்செபம் குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டும் உரியதன்று. வேலையை விட்டு ஒரு மாதம் ஒதுங்க இயலாதோர், தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வழிகாட்டி ஒருவரின் துணையோடு இதைச் செய்யலாம் என இஞ்ஞாசியாரே எழுதி வைத்தார். அதுவும் இயலாதவர் படுக்குமுன் கால் மணி நேரம் ஆத்தும சோதனை செய்தால், அதுவே நல்ல தொடக்கம்.

ஜூபிலி ஆண்டில் நாம் கட்டிய சுவர்களையும் பெற்ற ஞானஸ்நானங்களையும் எண்ணி நன்றி கூறுகிறோம். அது முறையே. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத மௌன நேரங்களே பங்கின் அஸ்திவாரம். அடுத்து எங்கே செல்வது என்று திகைக்கும்போது, சவேரியாரைப் போல் நாமும் முதலில் முழந்தாளிடுவோம். தோமையாரின் மன்றாட்டால் ஆண்டவர் நமக்கு அந்த வரத்தை அருள்வாராக!