கரிய பூச்சியும் ஒரு கணக்கும்

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் மாலையில் உலவும்போது, மரப்பட்டையோடு பட்டையாய் ஒட்டியிருக்கும் அந்துப்பூச்சியை நாம் காண்பதில்லை. அது பறந்தெழுந்த பின்னரே அங்கிருந்ததை உணர்கிறோம். மறைந்திருப்பதே அதற்கு உயிர்க்காப்பு. அக்காப்பின் வலிமையைக் கணக்கிட்டுக் காட்டிய அறிஞர் ஒருவர் தம் இறுதி ஆண்டுகளை நம் நாட்டில் கழித்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் (1892-1964). இங்கிலாந்தின் மான்செஸ்டரில், வெளிறிய நிறமுடைய அந்துப்பூச்சி இனமொன்றில் கரிய பூச்சி முதன்முதலாக 1848-இல் பதிவாயிற்று. ஆலைப்புகையால் மரங்கள் கறுத்த அந்நகரில், 1895-க்குள் நூற்றுக்கு 98 பூச்சிகள் கரியவையாயின. இவ்வளவு விரைவான மாற்றத்திற்கு, கரியவை வெளிறியவற்றினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச் சென்றிருக்க வேண்டுமென 1924-இல் ஹால்டேன் கணித்தார்.

காட்டில் சோதிக்கப்படாத அக்கணக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. 1953-இல் பெர்னார்டு கெட்டில்வெல் பர்மிங்காம் அருகே புகைபடிந்த சோலையில் அடையாளமிட்ட பூச்சிகளைப் பறக்கவிட்டார். மீண்டும் அகப்பட்டவை, கரியவற்றில் நூற்றுக்கு 27, வெளிறியவற்றில் 13. வெளிறியவற்றைப் பறவைகள் எளிதில் கண்டு உண்டன. அச்சோதனையின் முறைகள்மீது பின்னாளில் ஐயம் எழுந்தது. கேம்பிரிட்ஜின் மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் 2007 வரை மேற்கொண்ட ஆய்வு அதன் முடிவை மீண்டும் உறுதிசெய்தது.

1957-இல் ஹால்டேன் லண்டன் பேராசிரியர் பதவியைத் துறந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1962-இல் புவனேசுவரம் சென்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என ஏங்காமல், சுற்றியுள்ள உயிர்களை உற்றுநோக்கி எண்ணுமாறு இந்திய மாணவரை ஊக்குவித்தார். அவருடைய மாணவர் கிருஷ்ணா துரோணம்ராஜு, உண்ணிச்செடியின் எந்நிறப் பூவை எந்தப் பட்டாம்பூச்சி நாடுகிறது என்று எண்ணியே 1960-இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டார்.

ஹால்டேன் கடவுள் நம்பிக்கையற்றவர்; சமயத்தைச் சாடியவர். ஆயினும், படைப்பின் சிற்றுயிரை இத்தனை பொறுமையோடு நோக்கியவரிடம் பாடம் கேட்க நாம் தயங்க வேண்டியதில்லை. இறந்தபின்னும் அவர் ஆசிரியராகவே இருந்தார்: அவர் விருப்பப்படி அவருடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

வரும் விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வோம். எண்ணத் தொடங்கினால், இதுவரை நம் கண்ணுக்குத் தப்பியவை எத்தனை என்பது விளங்கும்.