பாலைவனத்தில் இறங்கும் பனிப்பறவைகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிஃபோர்னியா எல்லைக்குப் பக்கத்தில், குவார்ட்ஸைட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்பவர்கள் வெறும் 2,413 பேர். கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தெருவில் ஆளையே பார்க்க முடியாது. ஆனால் ஜனவரி மாதம் ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வண்டிகள்தான்! கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோம்கள். வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். வடக்கே கனடாவிலும் மினசோட்டாவிலும் பனி கொட்டும்போது இங்கே வெயில் காய்பவர்கள். இவர்களுக்கு "ஸ்னோபேர்ட்", அதாவது பனிப்பறவை என்று பெயர்.

இந்தப் பெயரின் கதையே சுவாரஸ்யமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதற்கு வேறு அர்த்தம் இருந்தது. குளிர்காலத்தில் சாப்பாடும் துணியும் கிடைக்குமே என்று ராணுவத்தில் சேர்ந்துவிட்டு, குளிர் விட்டதும் கம்பி நீட்டுபவர்களைத்தான் அப்படிக் கிண்டலாகச் சொன்னார்கள். 1920களில்தான் தெற்கே போகும் வடக்கத்திக்காரர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் இவர்கள் போன இடம் அரிசோனா இல்லை, ஃப்ளோரிடா. அதற்கு முன் குளிர்காலத்தில் தெற்கே போவது பணக்காரர்களின் பழக்கம். ரயிலில் போய் பெரிய ஹோட்டலில் தங்குவார்கள். ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது, 1915இல் டிக்ஸி நெடுஞ்சாலைத் திட்டம் தொடங்கியது, அவ்வளவுதான்! சாதாரண விவசாயியும் கடைக்காரரும் காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். 1919இல் டம்பா நகரின் டி சோட்டோ பூங்காவில் இப்படி வந்தவர்கள் கூடி "டின் கேன் டூரிஸ்ட்ஸ்" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு காலி டப்பாவைப் பற்றவைத்திருந்தால் அவர் சங்கத்துக்காரர் என்று அர்த்தம். உள்ளூர் வியாபாரிகளுக்கு இவர்களைக் கண்டால் அவ்வளவாகப் பிடிக்காது. டப்பா உணவைக் கையோடு கொண்டு வந்து சாப்பிடுகிறவர்களால் கடைக்காரருக்கு என்ன லாபம்?

இவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள் அல்ல, அறுவடை முடிந்து ஓய்வாக இருந்தவர்கள். வயதானவர்களின் கூட்டம் பிறகுதான் வந்தது. அதற்கு வண்டியைவிடப் பெரிய காரணம் பென்ஷன் என்றே சொல்லலாம். 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1940 ஜனவரியில் முதல் மாதாந்திரப் பணம் வழங்கப்பட்டது. மாதாமாதம் ஒரு தொகை உறுதி என்றால் ஒரே ஊரில் கிடக்க வேண்டிய அவசியம் இல்லையே. 1956இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் நிறைவேறியது. 1966இல் அயோவா மாநிலத்தின் வின்னபேகோ நிறுவனம் மோட்டார் ஹோம்களைத் தயாரிக்கத் தொடங்கியது. 1973 எண்ணெய் நெருக்கடி இந்தத் தொழிலைப் பலமாக அடித்தாலும் அது மீண்டு எழுந்தது.

சரி, குவார்ட்ஸைட்டுக்கு வருவோம். அங்கே இவர்களை இழுத்தது கல்! 1967இல் தொடங்கிய ரத்தினக் கல், தாதுக் கல் கண்காட்சிக்கு வந்தவர்கள், சுற்றிலும் பரந்து கிடந்த அரசு நிலத்தில் அப்படியே தங்கிப் பழகினார்கள். கூட்டம் பெருகவே, 1983இல் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நீண்டகாலத் தங்கல் பகுதிகளை ஏற்படுத்தியது. குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே உள்ள லா போசா அவற்றில் ஒன்று. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்குவதற்குப் பல ஆண்டுகளாக வாங்கப்பட்ட கட்டணம் 180 டாலர். ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட ஆகவில்லை! குடிநீர் பிடிக்கலாம், கழிவுநீரைக் கொட்டலாம், குப்பை போடலாம். மின்சார இணைப்பு கிடையாது. வண்டிக் கூரையில் சூரியத் தகடு பொருத்துவது இவர்களுக்குப் பழைய விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரின் புகழ்பெற்ற கல்லறையும் ஒரு வெளியூர்க்காரருடையதுதான். 1856இல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது கூடவே வந்தவர் ஹாஜி அலி. உள்ளூர் வாயில் அது "ஹை ஜாலி" ஆகிவிட்டது. ஒட்டகத் திட்டம் தோற்றது. அவர் மட்டும் திரும்பிப் போகவில்லை. 1902இல் இறந்த அவருக்கு 1930களில் பிரமிட் வடிவில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். உச்சியில் ஒரு உலோக ஒட்டகம்.

எல்லோரும் ஆசைப்பட்டு வருகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 2008 பொருளாதார நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த பலர், வாடகை கொடுக்க வழியில்லாமல் வண்டியையே வீடாக்கிக்கொண்டார்கள். எழுபது வயதை நெருங்குபவர்களும் இலையுதிர் காலத்தில் கிடங்குகளிலும் பீட்ரூட் இனக் கிழங்கு அறுவடையிலும் வேலை பார்த்துவிட்டு, குளிருக்கு இங்கே வந்து ஒதுங்கினார்கள். ஜெசிக்கா ப்ரூடர் 2017இல் எழுதிய "நோமேட்லேண்ட்" இவர்களைப் பற்றியதுதான். அதைத் தழுவிய படம் 2021இல் ஆஸ்கர் வென்றது. கோடிக்கணக்கில் விலைபோகும் சொகுசு வண்டியும் பழைய வேனும் ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். முதலாமவருக்கு வடக்கே வீடு காத்திருக்கிறது, இரண்டாமவருக்கு இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

கனடாக்காரர்களின் கதை வேறு. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் அமெரிக்காவில் தங்க முடியாது. அதிக நாள் வெளியே இருந்தால் சொந்த மாகாணத்தின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். அதனால் நாட்காட்டியில் நாளை எண்ணிக்கொண்டே வெயில் காய வேண்டும். 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை கொரோனாவால் அமெரிக்கா தன் தரைவழி எல்லையை அத்தியாவசியமற்ற பயணங்களுக்கு மூடியபோது விமானத்தில் மட்டும் போக முடிந்தது. ஆனால் மோட்டார் ஹோமை எப்படி விமானத்தில் ஏற்றுவது?

எல்லைகூட ஒருநாள் திறந்துவிடும். கண் மங்கி, கை நடுங்கி, இனி வண்டி ஓட்ட முடியாது என்ற நிலை வரும்போது வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பியவர் எங்கே போவார்? 1978இல் தொடங்கிய "எஸ்கேப்பீஸ்" என்ற மோட்டார் ஹோம் சங்கம் இதற்கு ஒரு வழி செய்தது. டெக்சஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஊரில் அந்தச் சங்கத்தார் ஒரு பராமரிப்பு மையத்தை அமைத்தார்கள். முதியவர்கள் தங்கள் வண்டியை அங்கே கொண்டுவந்து கடைசியாக நிறுத்துகிறார்கள். சாப்பாடும் உதவியும் மையத்தில் கிடைக்கும். தூங்குவது மட்டும் அவரவர் வண்டியில்.